பில்லைக் கிழிக்காதீர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கே: முன்பெல்லாம் ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். இப்போது ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. எடை போடச் சொன்னால், கொண்டுவரும் தம்பி "தராசு எடுத்து வரலை" என்கிறார். (அம்பத்தூர் வாசகி)

ப: தராசு வரும்வரை சிலிண்டரை வாங்காதீர்கள். எடை போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. சிலிண்டரின் மேல்பகுதியில் வெற்று எடை எழுதியிருக்கும், 15.3, 15.8 என்று ஒவ்வொன்றுக்கும் மாறும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வரும் எண்ணைத் தராசு காட்ட வேண்டும். அப்படியே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கமும் பாருங்கள். ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் வருடமும் இருக்கும். சிலிண்டரை மறுபரிசோதனை செய்யவேண்டிய காலம் அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் கடைசி மூன்று மாதங்கள். அந்தக் காலம் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கே: சூப்பர் மார்க்கெட்டில் ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். கோபத்தில் பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி என்ன செய்யலாம்? (திண்டுக்கல் வாசகர்)

ப: ஒன்றும் செய்ய முடியாது.

கே: மகள் வீட்டிலேயே ஆரி வொர்க் செய்கிறாள். சாயம் போகாது என்று சொல்லிக் கடைக்காரர் கொடுத்த மெரூன் சில்க் த்ரெட்டை, சந்தன நிற பிளவுஸில் போட்டாள். ட்ரேஸிங் கோட்டை அழிக்க ஈரத்துணியால் துடைத்ததும் சாயம் இறங்கி, கழுத்து முழுக்கத் திட்டுத் திட்டாகிவிட்டது. கடையில் கேட்டால், பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். (கும்பகோணம் வாசகி)

ப: கண் வலிக்க, முதுகு வலிக்க ஃபிரேம் முன்னால் உட்கார்ந்து போட்ட வேலை. உங்கள் மகளை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அந்த ஒரு வரி இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஃபேன்சி ஸ்டோர் என்று எங்கே போனாலும் பில்லின் அடியில் அதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நாமும் அதை அரசாங்க உத்தரவு மாதிரி படித்துவிட்டுப் பேசாமல் திரும்பி வருகிறோம். அச்சாபீஸில் அடித்துக்கொடுத்த வாசகம் சட்டமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்ன சொல்கிறது? குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும். பில் தராமல் விற்பதையும் அதே பிரிவு அதே கணக்கில்தான் சேர்க்கிறது. "ஜிஎஸ்டி போட்டால் விலை ஏறும், பில் வேண்டாமே" என்று சொல்லும் கடைக்காரர், உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சியைப் பறிக்கிறார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கலர் பிடிக்கவில்லை, நாத்தனார் நன்றாக இல்லை என்றார் என்பதற்கெல்லாம் இந்தச் சட்டம் உதவாது. பொருளில் குறை இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இருக்கிறது. மீதமுள்ள நூலில் ஒரு சாண் வெட்டி நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்துங்கள். கறை படிவதைக் கடைக்காரர் கண்ணெதிரே செய்து காட்டி, ஃபோட்டோவும் எடுங்கள். நூல் விலையோடு நிறுத்தாமல், பிளவுஸ் துணி, மகளின் உழைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுத்தில் இழப்பீடு கேளுங்கள்.

கே: ஓய்வு பெற்றபின் வாட்டர்கலர் கற்கிறேன். விலை உயர்ந்த பெயின்ட் வாங்கியும் படம் சேறு பூசியது போல வருகிறது. (நாகர்கோவில் வாசகர்)

ப: பெயின்ட்டை மாற்றாதீர்கள் ஐயா, பேப்பரை மாற்றுங்கள். ஆன்லைனில் நான் வாங்கிய ஒரு பேடின் அட்டையில் 300 ஜிஎஸ்எம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இரண்டாவது முறை பிரஷ் பட்டதும் மேல்தோல் உரிந்து திரிதிரியாக வந்துவிட்டது. விற்றவர் பணம் தரவில்லை. பேட் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. ஜிஎஸ்எம் என்பது எடை மட்டும்தான். எதில் செய்த பேப்பர் என்று பாருங்கள். 100 சதவீதம் காட்டன் பேப்பர் தண்ணீரை உள்ளே இழுத்துத் தாங்கும். மரக்கூழ் பேப்பர் அந்த அளவுக்குத் தாங்காது. சென்னைக்கு வந்தால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள். தெரு முழுக்கப் பேப்பர் கடைகள். தொட்டுப் பார்த்து, ஒரு ஷீட் மட்டும் வாங்கி வந்து நனைத்துப் பார்த்தபின் மொத்தமாக வாங்கலாம்.

கே: 43 இன்ச் 4கே டிவி என்று நம்பி ஆஃபரில் வாங்கினேன். படம் தெளிவாக இல்லை. பாக்ஸில் "4கே சப்போர்ட்" என்று இருக்கிறது. இது மோசடிதானே? (ஓசூர் வாசகர்)

ப: தம்பி, அந்த பாக்ஸிலேயே ரெசல்யூஷன் என்ற இடத்தில் 1920 x 1080 என்று போட்டிருக்கும். அது ஃபுல் எச்டி. 4கே என்றால் 3840 x 2160. "சப்போர்ட்" என்றால் 4கே வீடியோவைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, தன் ஸ்கிரீனுக்கு ஏற்பக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். இத்தனை ஆயிரம் கொடுக்கும்போது பாக்ஸின் ஒரு பக்கத்தைப் படிக்கக் கூடாதா? பில்லிலோ விளம்பரத்திலோ "4கே டிவி" என்றே இருந்தால் தவறான விளம்பரம் என்று புகார் செய்யலாம். இல்லையென்றால், விவரம் இருக்கும் பக்கத்தைப் படிக்காமல் வாங்கியது உங்கள் தவறு.

கே: மாமியார் மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் பத்து மணிவரை இரண்டே சேனல்தான். நூற்றுக்கணக்கான சேனலுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? (கரூர் வாசகி)

ப: கட்ட வேண்டியதில்லை. கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் உரிமை தருகின்றன. ஆபரேட்டரிடம் சேனல்வாரி விலைப் பட்டியலைக் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். சில நேரம் சின்ன பேக்கே மலிவாக வரும்.

கே: லோக்கல் சேனலில் சீரியலுக்கு நடுவே விளம்பரம் ஓடியது. மெழுகுவர்த்தி மெஷின் வாங்கினால், செய்து தருவதை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். வளையலை அடகு வைத்து 38,000 ரூபாய் கட்டினேன். முதல் லோடுக்குப் பணம் வந்தது. அடுத்த லோடைத் தரம் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். இப்போது ஃபோனையே எடுப்பதில்லை. (விருதுநகர் வாசகி)

ப: வெட்கப்படாதீர்கள் அம்மா. உங்களிடம் எந்தத் தப்பும் இல்லை. முதல் லோடுக்குப் பணம் கொடுத்து நம்பிக்கை ஏற்படுத்துவதுதான் இவர்கள் வேலை. உங்களுக்குச் சொன்னதையே பக்கத்து ஊரிலும் சொல்லியிருப்பார்கள்.

"தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதாடும். பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஏமாற்றியதாகக் காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் கொடுங்கள்.

போகும்போது பாஸ்புக்கை எடுத்துச் செல்லுங்கள். முதல் லோடுக்கு அவர்கள் கணக்கிலிருந்து வந்த பணம் அதில் பதிவாகியிருக்கும். திரும்ப வாங்குவதாகச் சொல்லவே இல்லை என்று அவர்கள் மறுத்தால், அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.