புழு எண்ணுவது எதற்கு?

அன்புள்ள ஐயா,

நொய்யல் ஆற்றின் அடிமண்ணில் வாழும் பூச்சிகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இடம் இடமாக மண்ணை அள்ளிச் சலித்து, எந்த வகை எத்தனை என்று எண்ணுவது என் வேலை. மலையடிவாரத்தில் ஒரு தட்டில் பத்துப் பன்னிரண்டு வகை கிடைக்கிறது. திருப்பூர் தாண்டினால் சிவப்புப் புழு மட்டும்தான். "அதான் ஜிலேபி மீன் கெடக்குதே, தண்ணிக்கு என்ன?" என்கிறார்கள் கரையில் நிற்பவர்கள். "புழு எண்ணவா இவ்வளவு படிச்சே?" என்கிறார் அம்மா. சில நாள் எனக்கே அப்படித் தோன்றிவிடுகிறது.

ம., கோவை

அன்புள்ள ம.,

முதலில் அந்த ஜிலேபி. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் அது. உப்பையும் தாங்கும், ஆக்சிஜன் குறைந்த தண்ணீரையும் தாங்கும். நம் ஆற்று மீன்களின் கதை வேறு. அவற்றின் உடலுக்குள் ஆற்றில் இருப்பதைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியே தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக இறைத்துக்கொண்டே இருக்கும். துணியில் சாயம் பிடிக்கக் கொட்டும் உப்பு ஆற்றுக்கு வந்தால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். கரையில் கேட்பவர்களிடம், ஜிலேபியைத் தவிர வேறு என்ன மீன் கிடைக்கிறது என்று கேளுங்கள்.

கொசு மாதிரியான ஒரு பூச்சியின் குஞ்சான உங்கள் சிவப்புப் புழுவும் அப்படித்தான். நம்மைப் போல அதற்கும் ஹீமோகுளோபின் உண்டு, சகதியிலும் மூச்சு ஓடும். மலையடிவாரத் தட்டில் மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு இருந்திருக்கும். ஒரு நண்பர் அதை உருப்பெருக்கியில் எனக்குக் காட்டினார். வயிற்றின் இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகளாகச் செவுள், விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் கழிவு படிந்தால் எப்படி மூச்சு விடும்? திருப்பூர்த் தட்டில் அது இல்லை என்று நீங்கள் எழுதும் அந்தப் பூஜ்யம் பெரிய சாட்சியம். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். ராத்திரி திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் ஓடிப்போயிருக்கும். புழு அங்கேயேதான் கிடக்கும்.

திருப்பூருக்குக் கீழே நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காக 1992-இல் கட்டினார்கள். அதில் தேங்கியது சாயக்கழிவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஆறு தேறியதா இல்லையா என்று சொல்ல உங்களைப் போன்றவர்களின் எண்ணிக்கை வேண்டும். அதனால் எண்ணி முடித்த புழுக்களைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். ஆல்கஹாலில் போட்டு, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். அப்புறம் அவற்றின் வாயில் உள்ள பல்வரிசையைப் பாருங்கள். நச்சு சேர்ந்த மண்ணில் வளர்ந்த புழுக்களுக்குப் பல் உதிர்ந்தும் ஒட்டியும் கோணலாக இருப்பது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

சரி, அம்மாவுக்கு என்ன சொல்வது? அமெரிக்காவில் ரூத் பேட்ரிக் என்றொருவர் 1945 வரை சம்பளமே இல்லாமல் அருங்காட்சியகத்தில் உழைத்தார். 1948-இல் பென்சில்வேனியாவின் கோனெஸ்டோகா ஆற்றில் எத்தனை வகை உயிர்கள் என்று ஒரு குழுவோடு எண்ணி, அதை வைத்தே ஆற்றின் உடல்நிலையைச் சொல்லலாம் என்று காட்டினார். இதை அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மலையடிவாரத்து ஆலாந்துறைப் பக்கம் அழைத்துப்போய் அந்தத் தட்டை அவர் கையிலேயே கொடுப்பது இன்னும் நல்லது. அதே நாள் சாயங்காலம் திருப்பூர்த் தட்டையும் கொடுங்கள்.