வீட்டுக்கு ஒரே பிரின்டர்: சில கேள்விகள்

பிரின்டரை யூஎஸ்பி வயரில் மேசைக் கணினியோடு இணைத்து ஷேர் செய்திருக்கிறேன். லேப்டாப்பிலிருந்து சில நேரம் அச்சாகிறது, சில நேரம் பிரின்டரே தெரிவதில்லை. ஏன்?

தெரியாத நேரத்தில் மேசைக் கணினி தூங்கிக்கொண்டிருக்கும். அது விழித்திருந்தால்தான் மற்றவர்களுக்குப் பிரின்டர். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்திப் பாருங்கள். விண்டோஸ் என்றால், வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். 'பிரைவேட்' ஆக்கினால்தான் பகிர்வு ஒழுங்காக நடக்கும். பழைய குறிப்புகளை நம்பி ஹோம்குரூப் என்ற பகிர்வு வசதியைத் தேடி அலையவேண்டாம். 2018-லேயே அதை விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதே பிரின்டரில் ஸ்கேனரும் இருக்கிறது. அதையும் லேப்டாப்பிலிருந்து பயன்படுத்தலாமா?

இந்த வழியில் முடியாது. விண்டோஸ் பகிர்வது அச்சிடும் வேலையை மட்டும்தான்.

என்னுடையது வைஃபை பிரின்டர். ரவுட்டரை அணைத்துப் போட்டால் அடிக்கடி 'ஆஃப்லைன்' என்கிறது. ஒவ்வொரு முறையும் நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கிறேன்.

நானும் இப்படித்தான் மாதக்கணக்கில் பிரின்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், பெரும்பாலும் அதன்மேல் தப்பில்லை. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, வாடகைக்குத்தான் தருகிறது. மறுபடி இயங்கும்போது பிரின்டருக்கு வேறு முகவரி கிடைக்கலாம். கணினியோ பழைய முகவரிக்கே தாளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரின் டிஹெச்சிபி (முகவரி வழங்கும் அமைப்பு) பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' இருக்கும். பிரின்டரின் மேக் முகவரியை (கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) கொடுத்து ஓர் ஐபியை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் கணினியில் பிரின்டரைக் கடைசியாக ஒருமுறை நீக்கி, அந்த ஐபியைக் கொடுத்து 'டிசிபி/ஐபி' வகையில் சேருங்கள். அதற்குப் பிறகும், பிரின்டர் விழித்திருக்கும்போதே 'ஆஃப்லைன்' காட்டினால், கணினியில் அந்தப் பிரின்டரின் போர்ட் (இணைப்பு வாசல்) அமைப்பில், பிரின்டரின் நிலையை விசாரிக்கும் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

லேப்டாப்பில் அச்சாகிறது. போனில் மட்டும் பிரின்டர் தெரியவில்லை.

போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா? விருந்தினர் கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்கமுடியாதபடி ரவுட்டரே பிரித்து வைக்கும். போனையும் பிரின்டரையும் ஒரே வைஃபையில் போடுங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டுப் பிரின்டரில் அச்சிட ரவுட்டரில் போர்ட்டைத் திறக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பிரின்டரின் 9100-ஆம் போர்ட் பொதுவாகப் பாஸ்வேர்டு கேட்காது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் மையைத் தீர்க்கலாம். வெளியூரிலிருந்து அச்சிடுவதற்கென்றே இருந்த கூகுள் கிளவுட் பிரின்டும் 2020 முடிவோடு நின்றுபோனது. ரவுட்டரில் விபிஎன் வசதி (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) இருந்தால் அதன் வழியாக வாருங்கள். இல்லையென்றால் கோப்பை வீட்டில் இருப்பவருக்கு அனுப்பி, அச்செடுத்து வைக்கச் சொல்லுங்கள்.