ஹெபடைடிஸ் சி மாத்திரை தொடங்கியபின் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, நிறுத்திவிடலாமா?

முக்கூடலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “அம்மாவுக்கு வயது 56. சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறார்கள். ஹெபடைடிஸ் சி கிருமியால் கல்லீரல் சுருங்கியிருப்பதாகச் சொல்லி, சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரையோடு ரிபாவிரினும் கொடுத்திருக்கிறார்கள். 12 வாரத்தில் 3 வாரம் முடிந்திருக்கிறது. தெருக்குழாயிலிருந்து இரண்டு குடத்தை ஒரே நடையில் தூக்கி வந்தவர்கள், இப்போது ஒரு குடத்தை வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டு, பேசக்கூட முடியாமல் மூச்சு வாங்குகிறார்கள். கல்லீரலுக்குக் கொடுத்த மருந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?”

நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலையிலேயே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து, சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த இரத்த அறிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அம்மாவின் நுரையீரல் கெட்டிருப்பதைவிட இரத்தம் குறைந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அதற்குக் காரணம் ரிபாவிரின். இந்த மருந்து இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அங்கேயே சேர்ந்துவிடும் இயல்புடையது. சுமார் 120 நாள் வாழவேண்டிய சிவப்பணுக்கள் அதனால் முன்னதாகவே உடைகின்றன. நுரையீரல் காற்றை ஒழுங்காகத்தான் வாங்குகிறது. அந்தப் பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்லும் அணுக்கள்தான் போதவில்லை. உட்கார்ந்து பீடி சுற்றும்போது தெரியாத மூச்சிரைப்பு, குடத்தைத் தூக்கியவுடன் தெரிவது இதனால்தான். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தொடங்கி, நான்காவது வாரத்தை ஒட்டி இது அதிகமாகும். உங்கள் அம்மாவின் மூன்றாவது வாரம் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

பகல் வெளிச்சத்தில் அவரை உட்காரவைத்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்கவேண்டிய உட்புறம் வெளிறியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. உடைந்த அணுக்களிலிருந்து வரும் நிறமியால் கண்ணின் வெண்பகுதி சற்று மஞ்சளாகவும் ஆகலாம். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று பயந்து நாட்டு மருந்துக்கு ஓடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதைப் போலவே, எவ்வளவிலிருந்து இறங்கியிருக்கிறது என்பதும் முக்கியம். பொதுவாக ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) இரத்தத்தில் 10 கிராமுக்குக் கீழே வந்தால் ரிபாவிரின் அளவைக் குறைப்பார்கள், 8.5-க்குக் கீழே போனால் அதை நிறுத்திவிடுவார்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு நான்கு வாரத்துக்குள் 2 கிராம் இறங்கினாலே மருத்துவர் அளவை மாற்றுவார். கவனியுங்கள்: இந்தக் காரணத்துக்காகக் குறைப்பதும் நிறுத்துவதும் ரிபாவிரினை மட்டும்தான். கிருமியை ஒழிக்கும் முதன்மை மாத்திரையை, அதாவது சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரையை, ஒருநாளும் விடாமல் தொடரவேண்டும். நடுவில் கைவிட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும். அடுத்த முறை சிகிச்சை கடினமாகிவிடும். செலவுக்கு அஞ்சியும் நிறுத்தவேண்டியதில்லை. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இரத்தம் குறைவு என்றதும் வீட்டில் எல்லோரும் இரும்புச்சத்து டானிக்கைத்தான் நினைப்பார்கள். இங்கே இரும்பு குறையவில்லை, அணுக்கள் உடைகின்றன. ஆகவே டானிக் இதைச் சரிசெய்யாது. கல்லீரல் நோயாளிக்குத் தேவையில்லாமல் இரும்பைச் சேர்ப்பது நல்லதும் அல்ல. முருங்கைக்கீரை சாப்பாட்டில் இருப்பதில் தவறில்லை.

எல்லா மூச்சிரைப்பையும் ரிபாவிரின் மேல் போட்டுவிடவும் கூடாது. உங்கள் அம்மாவுக்குக் கல்லீரல் சுருங்கியிருப்பதால் வயிற்றில் நீர் கோத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை மேலே தள்ளலாம். அந்த நீர் நெஞ்சுக்குள்ளும், பெரும்பாலும் வலது பக்கத்தில், சேரலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இடுப்புச் சேலை இறுகுகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மாறாக, எழுந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கி, படுத்தால் குறைகிறது என்றால், கல்லீரல் நோயால் நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரிந்திருக்கக்கூடும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் நாம் சொல்லாவிட்டால் யாரும் கேட்காமலே போய்விடும். புகையிலைத் தூளால் வரும் இருமலும் இளைப்பும் மாத்திரைக்கு முன்பே இருந்திருக்கும்; அது எப்போது தொடங்கியது என்று அம்மாவிடமே கேளுங்கள்.

படபடப்புக்கு அமியோடரோன் என்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். சோஃபோஸ்புவிரோடு அது சேரும்போது நாடித்துடிப்பு ஆபத்தாகக் குறையலாம் என்று 2015-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது. பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

“அந்த ஊசி போட்டால் மூச்சுக்கோளாறு வரும்” என்று யாராவது சொல்லியிருந்தால், அது ஹெபடைடிஸ் சி-க்கு முன்பு போட்டுவந்த இன்டர்ஃபெரான் ஊசியைப் பற்றியது. அரிதாக நுரையீரல் அழற்சியை அது உண்டாக்கியது உண்மைதான். உங்கள் அம்மாவின் மருந்தில் அது இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், நெஞ்சு வலித்தாலும், மயக்கம் வந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், மலம் தார்போல் கறுத்துப் போனாலும், இரத்த வாந்தி எடுத்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ரிபாவிரினைக் குறைத்த மறுநாளே தெம்பு திரும்பிவிடாது. மருந்து அணுக்களிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். ஹீமோகுளோபின் மீள நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். அதுவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை இரத்தம் பார்க்கவேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, ஒவ்வொரு அளவையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். தண்ணீர்க் குடத்தை அந்த வாரங்களில் நீங்கள் தூக்குங்கள்.