பத்திரம் எங்கே என்கிறார் மாமனார்

கேள்வி: 2019-இல் டெக்சாஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்கினோம். அப்போது நான் ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தருவது) இருந்ததால் கடன் கணவர் பெயரில் மட்டும். 2021-இல் வட்டி குறைந்தபோது புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்து ரீஃபைனான்ஸ் செய்தோம். இப்போது ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், "பத்திரத்தை எடும்மா, பார்ப்போம்" என்றார். வீடு முழுக்கத் தேடியும் ஒரிஜினல் பத்திரம் என்று எதுவும் அகப்படவில்லை. பேங்கில் கேட்டால் எங்களிடம் இல்லை என்கிறார்கள். இந்த நேரம் பார்த்து, 119 டாலர் அனுப்பினால் உங்கள் வீட்டுப் பத்திர நகல் தருகிறோம் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. கடைசித் தேதியும் போட்டிருக்கிறார்கள். கட்டிவிடலாமா? பத்திரத்தில் என் பெயர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— பெயர் வேண்டாம், ஃப்ரிஸ்கோ

பதில்: முதலில் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடுங்கள். வீடு வாங்கிய பலருக்கும் வருவதுதான் அது. அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும், கெடு தேதி மிரட்டும், கீழே பொடி எழுத்தில் 'நாங்கள் அரசு அலுவலகம் அல்ல' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். உங்கள் பெயரையும் முகவரியையும் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) பொதுப் பதிவுகளிலிருந்து எடுத்து, அதே பதிவுகளில் இருக்கும் உங்கள் பத்திரத்தை உங்களுக்கே விற்கிறார்கள். டெக்சாஸில் பத்திரங்களைப் பதியும் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் நகல் ஒரு பக்கத்துக்கு 1 டாலர், சான்றளித்துத் தர 5 டாலர். மூன்று நான்கு பக்கப் பத்திரத்துக்குப் பத்து டாலருக்குள் வேலை முடிந்துவிடும். வெறுமனே படித்துப் பார்க்கப் பெரும்பாலும் அதுவும் வேண்டாம், இணையத்திலேயே பார்க்கலாம்.

மாமனாரின் பயம் நியாயமானதுதான். ஊரில் ஒரிஜினல் பத்திரம் போனால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டும். வீட்டுக்கடன் வாங்கினால் பேங்க் முதல் வேலையாக அந்தப் பத்திரத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். இங்கே நடைமுறை வேறு. விற்றவர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கவுண்டி கிளார்க் பதிந்து, எண் கொடுத்து, படியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். அசல் தாள் பிறகு தபாலில் வந்து எங்கோ ஒரு ஃபைலில் கிடக்கும், அல்லது ஜங்க் மெயிலோடு போயிருக்கும். போனால் போகட்டும். பேங்குக்கும் அந்தத் தாள் தேவையில்லை. கடனுக்கான அதன் உரிமையும் அதே கவுண்டியில் தனியாகப் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அவர்கள் எங்களிடம் இல்லை என்கிறார்கள்.

சரி, தேடுவோம். ஃப்ரிஸ்கோவில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு: ஊரின் ஒரு பகுதி காலின் கவுண்டியில், இன்னொரு பகுதி டென்டன் கவுண்டியில். உங்கள் பிராப்பர்ட்டி டேக்ஸ் பில்லைப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்தக் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்துக்குப் போய் வீட்டு முகவரியைப் போடுங்கள். உரிமையாளர் பெயர், மதிப்பு, சதுர அடி எல்லாம் வரும். இது வரி போடுவதற்காக வைத்திருக்கும் கணக்கு. இதில் பெயர் இருப்பதாலோ இல்லாததாலோ உரிமை முடிவாகிவிடாது. உங்களுக்கு இங்கே வேண்டியவை இரண்டுதான். ஒன்று, சொத்தின் சட்ட விவரம்: எந்த சப்டிவிஷன் (மனைப்பிரிவு), எந்த பிளாக், எந்த லாட் (மனை) என்று இருக்கும். சட்டத்தின் கண்ணில் உங்கள் வீட்டின் அடையாளம் அதுதான், தெருப்பெயரும் கதவு எண்ணும் அல்ல. இரண்டு, பத்திரம் பதிவான தேதியும் பதிவு எண்ணும்.

அந்த எண்ணை எடுத்துக்கொண்டு கவுண்டி கிளார்க்கின் பதிவுத் தேடல் பக்கத்துக்கு வாருங்கள். எண்ணைப் போட்டால் நேரே பத்திரம் வந்து நிற்கும். கையோடு பெயரை வைத்தும் ஒருமுறை தேடிவிடுங்கள். கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு அட்டவணை இருக்கும், இரண்டிலும் தேட வேண்டும். நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கணவருக்கு அவருடைய அப்பா பெயர் கடைசிப் பெயர், உங்களுக்குக் கணவர் பெயர், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு வந்தவர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' ('முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). ஒரே குடும்பம் அட்டவணையில் மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கும். சுப்ரமணியனின் கடைசி எழுத்து 'என்'னா 'எம்'மா என்பதில் ஒரு பதிவே காணாமல் போகலாம். முன்பின் மாற்றிப் போட்டு, எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பத்திரத்திலேயே எழுத்துப் பிழை இருந்தால் க்ளோசிங்கை, அதாவது வீடு கைமாறிய அன்றைய கையெழுத்து வேலையை, நடத்திய டைட்டில் கம்பெனியிடம் சொல்லுங்கள். திருத்த ஆவணம் ஒன்றைப் பதிவு செய்து சரிசெய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பத்திரம் திறந்ததும் மேலேயே தடித்த எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும்: பதிவுக்கு முன் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் நீக்கிவிடலாம் என்று. டெக்சாஸ் பத்திரங்களில் வழக்கமாக வருவது, தாண்டிப் போங்கள். கீழே கிரான்டார் என்றிருப்பவர் கொடுத்தவர், கிரான்டீ என்றிருப்பவர் வாங்கியவர். உங்கள் கேள்விக்கு விடை கிரான்டீ வரியில்தான் இருக்கிறது. அடுத்து, வீட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று மாமனார் தேடுவார். 'பத்து டாலரும் இதர மதிப்புள்ள பிரதிபலனும்' என்று இருக்கும். மனிதர் அதிர்ந்துபோவார்! இந்த மாநிலத்தில் விற்ற விலையைப் பொதுவில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நம் ஊர் போல விலைக்கேற்ற முத்திரைத்தாள் கட்டணமும் கிடையாது. அதனால் காலங்காலமாக இந்தப் பத்து டாலர் ஓடிக்கொண்டிருக்கிறது.

பத்திரத்தின் தலைப்பையும் கவனியுங்கள். ஜெனரல் வாரன்டி டீட் என்றால், உரிமையில் எந்தக் காலத்துக் குறை வந்தாலும் விற்றவர் பொறுப்பு. ஸ்பெஷல் வாரன்டி என்றால் தன் காலத்தில் நேர்ந்ததற்கு மட்டும். புதுவீடு கட்டி விற்கும் பில்டர்கள் பலர் இதைத்தான் தருகிறார்கள். பெயரில் இருக்கும் 'ஸ்பெஷல்' பில்டருக்குத்தான், உங்களுக்கு இல்லை. விதிவிலக்குகள் என்ற பகுதியில் நிலத்தடி எண்ணெய், எரிவாயு உரிமையை விற்றவர் தனக்கே வைத்துக்கொண்டதாக இருந்தாலும் திகைக்காதீர்கள், டெக்சாஸில் அது சர்வசாதாரணம். வெண்டார்ஸ் லீன் (விலைப்பணம் தீரும்வரை வீட்டின் மேல் இருக்கும் பாத்தியதை) என்று ஒரு வரி வந்தால் அதுவும் கடன் போட்டு வாங்கிய வீட்டில் வழக்கமாக இருப்பதுதான்.

பத்திரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கணவர் கொடுத்தவராக இருக்கும் பதிவுகளைப் பாருங்கள். 2019 கடனுக்கு ஒரு டீட் ஆஃப் டிரஸ்ட், 2021 கடனுக்கு இன்னொன்று இருக்க வேண்டும். இங்கே பேங்கின் அடமான ஆவணத்துக்கு இதுதான் பெயர். முதல் கடன் 2021-இல் அடைந்துவிட்டதால் அதற்கு ரிலீஸ் ஆஃப் லீன் (கடனுக்கான பாத்தியதை நீங்கியது என்ற ஆவணம்) என்று மூன்றாவது ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். ரீஃபைனான்ஸ் செய்தவர்கள் பார்க்க மறப்பது இந்த மூன்றாவதைத்தான். கடனைக் கட்டியிருந்தாலும் ரிலீஸ் பதிவாகாதவரை பதிவில் கடன் நின்றுகொண்டே இருக்கும். வீட்டை விற்கப் போகும்போது இழுத்தடிக்கும். இல்லையென்றால் பழைய பேங்குக்கு இப்போதே எழுதுங்கள். கூரை, நீச்சல்குளம் என்று வேலை செய்து பணம் வராத கான்ட்ராக்டர் போட்ட லீன் ஏதாவது இருந்தாலும் இந்தத் தேடலிலேயே தலைகாட்டும்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். கவுண்டி கிளார்க் ஆவணத்தைப் பதிகிறாரே தவிர, அது உண்மையா, கொடுத்தவருக்குக் கொடுக்க உரிமை இருந்ததா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. போலிப் பத்திரமும் ஒழுங்காக வடிவமைத்துக் கொண்டுவந்தால் பதிவாகிவிடும். ஓரளவு நம் ஊரிலும் இதே கதைதான். அதற்காகத்தான் இங்கே டைட்டில் இன்ஷூரன்ஸ், அதாவது சொத்துரிமையில் குறை வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு. க்ளோசிங் காகிதக்கட்டில் உரிமையாளரைக் காக்கும் ஓனர்ஸ் பாலிசி இருக்கிறதா என்று பாருங்கள். லோன் பாலிசி மட்டும் இருந்தால் அது பேங்கைத்தான் காப்பாற்றும். வாங்கும்போது ஒரே தடவை கட்டுகிற பிரீமியம், கட்டணத்தை மாநில இன்ஷூரன்ஸ் துறையே நிர்ணயிக்கிறது. ஆனால் பொதுவாக அது நீங்கள் வாங்குவதற்கு முன்பிருந்த குறைகளுக்குத்தான். நாளைக்கு யாராவது உங்கள் பெயரில் போலிப் பத்திரம் பதிந்தால் தெரிய வேண்டுமே? பல கவுண்டிகளில் இலவச எச்சரிக்கைச் சேவை உண்டு. உங்கள் பெயரில் ஏதாவது பதிவானால் ஈமெயில் வரும். இருவர் பெயரையும், முன்பின் மாற்றியும், பதிவு செய்து வையுங்கள்.

இனி உங்கள் பெயர் விஷயம். க்ளோசிங் அன்று, ரீஃபைனான்ஸ் அன்று நீங்களும் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்ட ஞாபகம் இருக்கும். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்க மனைவியின் கையெழுத்தையும் கேட்பார்கள். அதனால் டீட் ஆஃப் டிரஸ்டில் உங்கள் பெயர் இருக்கலாம். பத்திரத்தின் கிரான்டீ வரியில் இருந்தால்தான் அது உங்கள் பெயரிலும் இருக்கும் வீடு. அங்கே இல்லையென்றால் பதற்றம் வேண்டாம். டெக்சாஸில் திருமணத்துக்குப் பின் வாங்கிய சொத்தை, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், இருவருக்கும் பொதுவானது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். குடியிருக்கும் வீட்டை உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர் விற்கவும் முடியாது. ஆனாலும் பெயரைச் சேர்த்துவிடுவதே நல்லது என்பேன். பின்னால் யாருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையிருக்காது.

அதற்குக் கணவர் புதுப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் க்விட்கிளெய்ம் (எந்த உத்தரவாதமும் தராமல் தன் உரிமையை விட்டுக்கொடுப்பது) படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். டெக்சாஸில் டைட்டில் கம்பெனிகளுக்கு அது பிடிக்காது. பெயர் சேர்த்தால் பேங்க் முழுக் கடனையும் உடனே கேட்குமோ என்று கணவர் தயங்கலாம். மனைவியை உரிமையாளராகச் சேர்ப்பதைக் காரணம் காட்டி அப்படிக் கேட்கக்கூடாது என்று 1982-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்த வேலைக்கு மட்டும் ரியல் எஸ்டேட் வக்கீலிடம் போங்கள். போகும்போது இதையும் கேளுங்கள்: இருவர் பெயர் இருந்தாலும் ஒருவர் காலத்துக்குப் பிறகு வீடு தானாக மற்றவருக்குப் போய்விடாது, அதற்கு இருவரும் கையெழுத்திட்ட தனி ஒப்பந்தம் வேண்டும். 2015 முதல் டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீட் (தன் காலத்துக்குப் பிறகு வீடு யாருக்கு என்று எழுதிவைக்கும் பத்திரம்) என்ற வழியும் உண்டு. உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்தால்தான் செல்லும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை வக்கீல் சொல்லட்டும். புதுப் பத்திரம் பதிவான பிறகு, டைட்டில் பாலிசி தொடர்கிறதா என்று டைட்டில் கம்பெனிக்கும், குடியிருக்கும் வீட்டுக்கான வரிச்சலுகை விண்ணப்பத்தில் எதையாவது மாற்ற வேண்டுமா என்று அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.