ஜன்னலோரம் வைத்த பச்சைப் படிகம்

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மோர் உப்பிலிருந்து (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) பொட்டாசியம் ட்ரிஸ்ஆக்சலேட்டோஃபெர்ரேட்(III) என்ற பச்சை இரும்பு உப்பைத் தயாரிக்க வேண்டும். முதல் தடவை கடைசி வரை பழுப்புச் சேறுதான் இருந்தது. இரண்டாம் தடவை பச்சைக் கரைசல் வந்தது, படிகம் விழவில்லை. மூன்றாம் தடவை நல்ல பச்சைப் படிகம் கிடைத்தது. காயட்டும் என்று சனிக்கிழமை ஜன்னலோரம் வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் மேலெல்லாம் மஞ்சள் பொடி. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: மூன்று தடவையும் வெவ்வேறு இடத்தில் சறுக்கியிருக்கிறீர்கள். ஒரே இடத்தில் மூன்று தடவை சறுக்குவதற்கு இது பரவாயில்லை.

முதலில் அந்தப் பழுப்புச் சேறு. மோர் உப்புடன் (குடிக்கிற மோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கார்ல் ஃபிரீட்ரிக் மோர் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் பெயர் அது) ஆக்சாலிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் மஞ்சளாக ஃபெரஸ் ஆக்சலேட் வீழ்படிவாகிறது. அதைக் கழுவி, பொட்டாசியம் ஆக்சலேட் சேர்த்து, 40 டிகிரியில் ஹைட்ரஜன் பெராக்சைடை விடும்போது இரும்பு(II) இன்னும் ஓர் எலக்ட்ரானை இழந்து இரும்பு(III) ஆகிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் பீக்கருக்குள் எல்லா இரும்புக்கும் போதுமான ஆக்சலேட் கிடையாது. ஒரு இரும்புக்கு மூன்று ஆக்சலேட் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு இரும்புக்கு அது கிடைத்துவிடும். மிச்சம் ஒரு பங்கு ஃபெரிக் ஹைட்ராக்சைடாகப் பழுப்பு நிறத்தில் பிரிந்து நிற்கும். ஆக, சேறு வருவது தப்பில்லை, வந்தே தீரும். பிறகு விடுகிற ஆக்சாலிக் அமிலம்தான் அதைக் கரைத்து, மிச்ச இரும்பையும் அணைவுக்குள் (ஒரு இரும்பைச் சுற்றி மூன்று ஆக்சலேட் பிணைந்த கூட்டு) இழுத்துக்கொள்கிறது.

உங்கள் சேறு கரையாமல் போனதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். பெராக்சைடு விட்ட பிறகு நெடுநேரம் கொதிக்கவிட்டால் ஹைட்ராக்சைடு துகள்கள் பெருத்துவிடும், அப்புறம் லேசில் கரையாது. மிச்ச பெராக்சைடு போவதற்கு ஓரிரு நிமிடம் கொதித்தால் போதும். இன்னொன்று, பெராக்சைடே பழையதாக இருக்கலாம். நம் ஊர் வெயிலில், மூடி சரியில்லாத பாட்டிலில் அது தண்ணீராக மாறிக்கொண்டே இருக்கும். 5 கிராம் மோர் உப்புக்கு 6 சதவீதப் பெராக்சைடு கணக்குப்படி 4 மில்லிகூடத் தேவையில்லை. செய்முறைக் கையேடுகள் அதைவிட நிறைய ஊற்றச் சொல்வது, சிதைந்து வீணாகும் பங்கையும் சேர்த்துத்தான். 40 டிகிரி என்பதற்கும் அதுதான் காரணம்: அதற்குக் கீழே வினை மந்தம், மேலே போனால் பெராக்சைடு இரும்பைத் தொடுவதற்குள் ஆக்சிஜனாகப் பறந்துவிடும். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் '40 டிகிரி' என்று மட்டும் அச்சிடும் கையேடுகள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஆக்சிஜனேற்றம் முடிந்ததா என்று ஊகிக்க வேண்டாம். ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு, புதிதாகக் கரைத்த பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஒரு சொட்டு சேருங்கள். நீலம் வந்தால் இரும்பு(II) இன்னும் பாக்கி. நீலம் வராத பிறகு கொதிநிலைக்குக் கொண்டுபோய், 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் 8 மில்லி வரை விடுங்கள். கடைசிச் சில மில்லியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கலங்கல் தெளிந்து பச்சையானதும் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மீறினால் பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட் வெள்ளையாகக் கூடவே படிந்து படிகத்தைக் கெடுக்கும். அப்புறம், பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இந்த இடத்தில் விட்டுவிடுங்கள். ஆக்சலேட் நச்சு.

இரண்டாவது தடவைக்கு வருவோம். கழுவிய தண்ணீர், பெராக்சைடு, அமிலம் என்று சேர்ந்து உங்கள் பீக்கரில் 80 மில்லியாவது இருந்திருக்கும். இந்தப் பச்சை உப்பு 100 மில்லி தண்ணீரில் 0 டிகிரியில் 4.7 கிராம் கரையும், 100 டிகிரியில் கிட்டத்தட்ட 118 கிராம். 5 கிராம் மோர் உப்பிலிருந்து முழு விளைச்சலே 6.3 கிராம்தான். 80 மில்லியை ஐஸில் வைத்தால்கூட 3.8 கிராம் கரைசலிலேயே தங்கிவிடும். ஐஸ் இல்லாமல் மேசை மேல் வைத்திருந்தால் ஒன்றும் விழாததில் ஆச்சரியமில்லை. வாட்டர் பாத்தில் 30 மில்லிக்குச் சுண்டவையுங்கள். சூடாக இருக்கும்போதே எத்தனாலைச் சிறிது சிறிதாக விட்டு, லேசாகக் கலங்கியதும் நிறுத்துங்கள். மறுபடி சூடாக்கித் தெளியவைத்து, ஒரு பருத்தி நூலைத் தொங்கவிட்டு, பீக்கரைக் கறுப்புத் தாளால் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். எத்தனாலை மொத்தமாகக் கொட்டினால் விளைச்சல் கூடும், ஆனால் கிடைப்பது பொடி.

கறுப்புத் தாள் எதற்கு என்பதுதான் உங்கள் மூன்றாவது தடவைக்குப் பதில்.

ஆக்சலேட் வெறுமனே இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஈனி (உலோகத்தோடு பிணையும் துணை) அல்ல. இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் நண்டுக் கொடுக்குபோல இறுக்கிப் பிடிக்கிறது, அதனால் இருட்டில் இந்த அணைவு உறுதியானது. ஆனால் அதே ஆக்சலேட்டிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரானும் இருக்கிறது. நீல ஒளியோ புற ஊதாக் கதிரோ பட்டதும் ஓர் எலக்ட்ரான் ஆக்சலேட்டிலிருந்து இரும்புக்குத் தாவுகிறது. இரும்பு(III) இரும்பு(II) ஆகிறது, ஆக்சலேட் கார்பன் டை ஆக்சைடாக உடைகிறது. எலக்ட்ரானை இழந்து அரைகுறையாக நிற்கும் அந்தத் துணுக்கு, பக்கத்திலிருக்கும் இன்னொரு அணைவுக்கும் எலக்ட்ரான் கொடுத்து அதை ஒடுக்கிவிடும். அதனால்தான் ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) சராசரியாக 1.2 இரும்பு(II) கிடைக்கிறது. இந்தக் கணக்கு துல்லியமாக இருப்பதால், ஒரு விளக்கிலிருந்து எத்தனை ஃபோட்டான் வருகிறது என்று அளக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள். ஹாட்சார்டும் பார்க்கரும் 1956-இல் நிலைநாட்டிய முறை அது. உங்கள் ஜன்னலும் இரண்டு நாள் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது, கணக்கெடுக்கத்தான் ஆளில்லை.

வீணாய்ப்போன படிகத்தில் கொஞ்சம் எடுத்து இதைப் பாருங்கள். 0.3 கிராம் படிகம், 0.4 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, 5 மில்லி தண்ணீர். கரைத்து வடிகட்டி, நிழலில் ஒரு தாளில் பூசிக் காயவிட்டு, மேலே ஒரு வேப்பிலைக் கொத்தை வைத்து வெயிலில் காட்டுங்கள். வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெளிறியே இருக்கும். தண்ணீரில் அலசினால் படம் நிற்கும். ரெக்கார்டில் ஒட்டுங்கள்.

இனிச் செய்யும்போது எத்தனால், அசிட்டோன் விட்டுக் கழுவி, இருட்டில் அறை வெப்பத்திலேயே காயவையுங்கள். 110 டிகிரி ஓவனில் வைத்தால் மூன்று படிக நீரும் போய் எடையில் 11 சதவீதம் குறைந்துவிடும்.

விளைபொருள் சரிதானா என்று பார்க்க நிறத்தை நம்பாதீர்கள். 0.2 கிராமை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, 60-70 டிகிரியில் 0.1 நார்மல் பெர்மாங்கனேட்டால் தரம்பாருங்கள் (இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை அளந்து விடுங்கள்); 24.4 மில்லி ஆக வேண்டும். அதே கரைசலில் துத்தநாகம் போட்டு இரும்பை ஒடுக்கி, துத்தநாகத்தை வடிகட்டிவிட்டு மறுபடி தரம்பார்த்தால் 4.1 மில்லி. எனக்குப் பிடித்தது இந்த 6:1 விகிதம்தான். படிகம் ஈரமாக இருந்து எடை பிசகினாலும் விகிதம் மாறாது. ஆறுக்கு மேல் போனால் ஆக்சாலிக் அமிலம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒளிச் சிதைவை முதல் அளவு காட்டிக்கொடுக்காது: போன ஆக்சலேட்டின் பங்கை இரும்பு(II) ஈடுகட்டிவிடும். அதற்கு ஃபெர்ரிசயனைடு சொட்டுதான்.

மஞ்சளான படிகத்தைக் கொட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். வடிநீரை இருட்டில் மறுபடி படிகமாக்கலாம். வடிதாளில் நிற்கும் மஞ்சள் பொடி முதல் நாள் நீங்கள் கழுவி எடுத்த அதே ஃபெரஸ் ஆக்சலேட்தான். பொட்டாசியம் ஆக்சலேட் சேர்த்து, பெராக்சைடு கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.