பண்ணைக்குட்டை: எவ்வளவு பெரிதாக வெட்டலாம்?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் 2 ஏக்கர் மானாவாரிக் கரிசலில் குண்டு மிளகாய் போடுகிறேன். தை மாதம் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது செடி வாடிவிடுகிறது. வாங்கிய கடன் அடைபடுவதில்லை. 100 அடிக்கு 100 அடி, 10 அடி ஆழத்தில் குட்டை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

பதில்: வெட்டுங்கள். ஆனால் அவ்வளவு பெரிது வேண்டாம். அந்தக் குட்டை சுமார் 20 லட்சம் லிட்டர் பிடிக்கும். உங்கள் 2 ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவது 4 லட்சம் லிட்டர். அதில் 15 சதவீதம் ஓடி வந்தால்கூட 60,000 லிட்டர்தான். நிரம்ப இப்படி 30 மழைக்கு மேல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையை நம்பியிருக்கும் ஊரில் அது நடக்கிற காரியமா? மேட்டுநிலத்துத் தண்ணீரும் உங்கள் பக்கம் வந்தால் கணக்கு வேறு.

66 அடி நீளம், 50 அடி அகலம், 5 அடி ஆழம் போதும். கரிசல் வெடித்துச் சரியும் மண் என்பதால் ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு விடுங்கள். கொள்ளளவு 3.5 லட்சம் லிட்டர்; ஆறு நல்ல மழையில் நிரம்பும். வெயிலில் நாளுக்கு 1,500 லிட்டர் போனாலும், தெளிப்பானில் 3 செ.மீ. வீதம் 2 ஏக்கருக்கும் ஒரு தண்ணீர் காட்டலாம். தையில் அந்த ஒரு தண்ணீர்தான் காயைக் காப்பாற்றும். கரையோடு சேர்த்து ஏறக்குறைய 15 சென்ட் நிலம் போகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் 5 அடி ஆழத்து மண்ணை எடுத்து உப்பு இருக்கிறதா என்று மண் பரிசோதனை நிலையத்தில் பாருங்கள். உவர் என்றால் இடத்தை மாற்றுங்கள். நல்ல மண்ணானாலும் மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகக் குவித்து வயலில் பரப்புங்கள், அடிமண் கரைக்கு. பொக்லைன்காரர் இரண்டையும் கலந்து கொட்டிவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

இடம், வயலின் தாழ்ந்த மூலை. விளிம்பிலிருந்து 3 அடி தள்ளிக் கரை போடுங்கள், இல்லாவிட்டால் மண் திரும்பவும் உள்ளே சரியும். நான்கு பக்கமும் கரையை அடைத்துவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்பவர்கள் நிறைய. வரத்துப் பக்கம் திறந்திருக்க வேண்டும். அந்தத் திறப்பில் 3 அடிச் சதுரத்தில், 3 அடி ஆழத்தில் வண்டல் தங்க ஒரு குழி எடுத்து, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வண்டலை அள்ளுங்கள். தண்ணீர் இறங்கும் சரிவில் கல் பதியுங்கள். மிகை நீர் வெளியேற, தண்ணீர் நுழையும் இடத்தைவிடச் சற்றுத் தாழ்வாக ஒரு போக்கு வேண்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டுமா? மீன் விடலாமா?

பதில்: கரிசலுக்கு ஷீட் தேவையில்லை. முதல் மழையில் வெடிப்பு வழியாகக் கொஞ்சம் இறங்கும், பிறகு மண் உப்பி அடைத்துக்கொள்ளும். தையில் நீரை இறைத்துவிடுவீர்கள் என்பதால் மீன் தேறாது.