வெற்றுக் காசோலையை நிரப்பினால் யார் சிக்குவார்கள்?

கேள்வி: வேலந்தாவளம் அருகே, தமிழ்நாட்டு எல்லைக்குள், 12 பேரை வைத்து சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இயந்திரங்கள்) பட்டறை நடத்துகிறேன். எல்லைக்கு அப்பால், கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து டிப்ளமா முடித்து வந்த ஒரு பையனைச் சொந்தத் தம்பி போலப் பார்த்துக்கொண்டேன். பெங்களூருக்கு அனுப்பி, 38,000 ரூபாய் கட்டி புரோகிராமிங் படிக்க வைத்தேன். மூன்று ஆண்டு வேலை செய்வதாகவும், இடையில் போனால் 2 லட்சம் தருவதாகவும், விலகியபின் இரண்டு ஆண்டு 100 கிலோமீட்டருக்குள் இதே தொழிலில் சேர்வதில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். 14 மாதத்தில் கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவருடைய அசல் சான்றிதழ்களும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் என்னிடம் இருக்கின்றன. வவுச்சரில் ரொக்கமாகக் கொடுத்துவந்த சம்பளத்தில் கடைசி மாத 18,000 ரூபாயை நிறுத்திவிட்டேன். காசோலையில் 2 லட்சம் எழுதி வங்கியில் போடலாமா? புதிய நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: நன்றி மறந்ததற்கு வழக்குப் போட முடியாது. தம்பி போல வளர்த்தது, வீட்டில் சாப்பாடு போட்டது, சொல்லாமல் போனது ஆகியவற்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எந்த நீதிமன்றமும் அதைப் படிக்காது. உங்கள் வழக்கில் செல்லுபடியாகக்கூடியது ஒன்றுதான்: பெங்களூரில் கட்டிய 38,000 ரூபாய்க்குப் பட்டறையின் பெயரில் ரசீது இருக்கிறதா?

100 கிலோமீட்டர் நிபந்தனையை மறந்துவிடுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு இடத்தில் வேலை செய்யாதே என்று தடுக்கலாம். விலகிய பிறகும் தடுக்கும் நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆகவே கஞ்சிக்கோட்டுக்கு நோட்டீஸ் வேண்டாம்.

2 லட்சம் கதை வேறு. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதே மூன்று ஆண்டு, அதே 2 லட்சம் பத்திரத்தை ஏற்றது. அதைக் காட்டிப் பல முதலாளிகள் என்னிடம் வருகிறார்கள். அங்கே விலகியவர் வங்கியின் மூத்த மேலாளர். அரசு வங்கி ஒன்று, விளம்பரம் கொடுத்து, போட்டி வைத்து மீண்டும் ஆள் எடுக்க ஆகும் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 18,000 ரூபாய் சம்பளக்காரரிடம் 2 லட்சம் கேட்கும்போது, அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ரசீது இருந்தால் படிப்புச் செலவை ஒட்டி ஏதாவது கிடைக்கும். மிச்சமெல்லாம் கனவு.

இனி உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். என்னிடம் வரும் சிறு முதலாளிகள் விழுவது இங்கேதான்.

நிரப்பாத காசோலையும் சட்டப்படி செல்லும், பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்கில், கையெழுத்து அவருடையது என்றால் கடன் இருப்பதாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதுவரை சரி. ஆனால் அந்த அனுமானத்தை அவர் உடைக்கலாம், உங்கள் வழக்கில் உடைப்பது எளிது. இழப்பீடு என்பது நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்கும்வரை கடன் ஆகாது. கையெழுத்து நீல மை, தொகையும் தேதியும் கறுப்பு ஜெல் பேனா. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்து, காசோலையைக் கொடுத்த அன்று உங்களுக்கு இவர் எவ்வளவு கடன்பட்டிருந்தார் என்று கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இல்லை. இப்படிக் காசோலையை நிரப்பிய கட்சிக்காரர் ஒருவர், வாய்தா வாய்தாவாக அலைந்து கடைசியில் எதிரியின் (குற்றம்சாட்டப்பட்டவரின்) விடுதலையைத்தான் பார்த்தார்.

சான்றிதழ் விஷயம் அதைவிட மோசம். அது அவருடைய சொத்து. சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்கும் உரிமை இல்லை என்று கல்லூரிகளுக்கு எதிரான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்டும் கொடுக்காவிட்டால், நம்பிக்கை மோசடி என்று உங்கள்மீதே காவல் நிலையத்தில் புகார் போகும். அப்போது புகார்தாரர் அவர், எதிரி நீங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். பத்திரத் தொகையைக் காட்டிப் பிடித்துக்கொள்ள அனுமதி இல்லை. அவர் முறையிட்டால், பாக்கியோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எல்லை தாண்டி இருக்கிறார், வரமாட்டார் என்று எண்ணாதீர்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்குத் தினமும் பஸ் ஓடுகிறது.

அவர் வந்தால் விசாரணை 18,000 ரூபாயோடு நிற்காது. பதிவேட்டை எடுங்கள் என்பார்கள். 12 பேர், மின்சாரத்தில் ஓடும் பட்டறை, மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டாயம். உங்கள் கடிதத்தில் இஎஸ்ஐ பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வவுச்சர் மட்டும் இருக்கிறது. ஒரு பையனைப் பிடிக்கப்போய், மற்ற பதினொரு பேரின் பாக்கியையும் வட்டியோடு நீங்கள் கட்ட நேரிடும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். இந்த வாரமே சம்பளத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். சான்றிதழ்களையும் காசோலையையும் பட்டியலிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பணி விடுவிப்புக் கடிதமும் கொடுங்கள். அதன் பிறகு, ரசீது இருந்தால், 36 மாதத்தில் மீதி 22 மாதம் என்ற விகிதத்தில் ஏறத்தாழ 23,000 ரூபாயைத் தவணையாகக் கேளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்தவர் பெரும்பாலும் பேச வருவார். முதலில் பணம், பிறகு சான்றிதழ் என்று நீங்கள் சொன்னால் அது மிரட்டல் ஆகிவிடும், வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்து ஆள் எடுக்கும்போது நியமனக் கடிதம் கொடுங்கள். பத்துப் பேருக்குமேல் உள்ள உங்கள் பட்டறைக்கு இப்போது அது சட்டக் கடமையும்கூட. அதில் முன்னறிவிப்புக் காலத்தை எழுதுங்கள். வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பினால் அந்தச் செலவுக்கு மட்டும் தனி ஒப்பந்தம், ரசீது இணைத்து, மாதாமாதம் தொகை குறைவதாக எழுதிக்கொள்ளுங்கள். சான்றிதழ்களின் நகல் போதும், வெற்றுக் காசோலை வேண்டாம். பயிற்சி முடித்து வந்தவருக்கு அந்த மாதமே சம்பளத்தை உயர்த்துங்கள். உங்கள் பையன் புரோகிராமிங் கற்றுத் திரும்பிய பிறகும் அதே 18,000 ரூபாய்தான் வாங்கியிருக்கிறார்.